பதின்மூன்று கேள்விகளுக்கும் தடையின்றிப் பதிலளித்தது குறித்து

அனுப்புநர்:
மேல்முறையீடு எண் 417-இன் மனுதாரருடைய மனைவி,
தட்டச்சர், அரசு உயர்நிலைப் பள்ளி அலுவலகம்.
(வீட்டு முகவரி கோப்பில் உள்ளது.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் உடற்குறை உதவிகளுக்கான மேல்முறையீட்டுக் குழு,
இரண்டாம் தளம்.

பொருள்: என் கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த ஆணையை மறு ஆய்வு செய்யவும், விசாரணையை மீண்டும் நடத்தவும், அப்போது என்னை அறைக்கு வெளியே உட்கார வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குழுவின் ஆணை, பத்தி 6 மற்றும் பத்தி 8.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆணை எங்கள் கைக்கு வந்து இன்றோடு ஐம்பத்தேழு நாட்கள் ஆகின்றன. மறு ஆய்வு கோர அறுபது நாள் அவகாசம் என்று அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ளது. ஐம்பத்தாறு நாட்கள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று தாங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. புகார் மனு என்றால் யார் மேலாவது புகார் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தின் மேல் ஒன்று, மருத்துவமனையின் மேல் ஒன்று, தங்கள் குழுவின் மேல் ஒன்று என மூன்று மனுக்களைத் தட்டச்சு செய்து மூன்றையும் கிழித்துப் போட்டேன். இது நான்காவது. இந்தப் புகார் என் மேல்.

2. என் கணவர் பீரங்கிப் படையில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றியவர். குறி பார்த்துச் சுடுவது அவர் வேலை. குண்டைத் தூக்கிக் குழாயில் ஏற்றுவது இன்னொருவரின் வேலை. அந்த இன்னொருவர் நல்ல உயரம் என்பதால் படைப்பிரிவு முழுவதும் அவரை ஏணி என்றே கூப்பிட்டது. ஏணி என் கணவரை அண்ணே என்பார். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், மூன்று மணி அளவில், பயிற்சித் திடலில் குழாய்க்குள் வைத்த குண்டு வெளியே போகாமல் அங்கேயே வெடித்தது. ஏணி அந்த இடத்திலேயே இறந்தார். என் கணவரைப் பற்றி அன்றைய மருத்துவக் குறிப்பில் இருப்பது ஒரே வரி: "சிறு காயம். பணிக்குத் திரும்பினார்." உண்மைதான், திரும்பினார். அதன்பின் ஆறு ஆண்டுகள் பணியில் இருந்தார்.

3. எங்கள் கோரிக்கை இரண்டு குறைகளைப் பற்றியது. ஒன்று, காது. மற்றொன்று, வெடிப்புக்குப் பின் ஏற்பட்ட மனப் பாதிப்பு. இவை பணியினால் வந்தவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டால்தான் படைவீரர் மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை கிடைக்கும். வேண்டுவது அந்தச் சிகிச்சை. முதலில் ஓர் எழுத்தர் கோப்பைப் பார்த்தார், மறுத்தார். அடுத்து ஓர் அதிகாரி அதே கோப்பைப் பார்த்து அதே வரியை அடிக்கோடிட்டு மறுத்தார். மூன்றாவதாகத்தான் தங்கள் குழு. கோப்பைப் பார்த்தவர்கள் மறுத்தாலும் ஆளைப் பார்ப்பவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்பிப் படியேறினோம்.

4. செவித்திறன் சோதனைச் சான்று பற்றி முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "மிதமான குறைபாடு, அன்றாட வாழ்வுக்குத் தடையில்லை" என்று அதில் உள்ளது. கண்ணாடி வைத்த சிறிய அறையில் அவரை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்த பெண் ஒவ்வொரு முறை சத்தத்தை அனுப்பும்போதும் அவர் தோள் லேசாக அசைந்திருக்கிறது. இவர் அந்தத் தோளைப் பார்த்தே பொத்தானை அழுத்தியிருக்கிறார். குறி பார்த்துப் பழகிய கண் அல்லவா. வெளியே வந்ததும் என்னிடம், "ஒண்ணைக்கூட விடல, தெரியுமா?" என்றார். தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்தேன். திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏமாற்றினார் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை.

5. இனி என் விரலைப் பற்றி. என் கணவரோடு நான் பேசுவது அவருடைய இடது உள்ளங்கையில் எழுதித்தான். அவர் ஓய்வுபெற்று வந்த ஆண்டில் ஒரு மருந்துக் கடையில் இது தொடங்கியது. கடைக்காரர் இரண்டு முறை கேட்டும் இவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் இருந்த ஒருவர், "செவிட்டு மாடு மாதிரி நிக்கிறான் பாரு" என்றார். அது இவருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. அங்கேயே கையைப் பிடித்து, கடைக்காரர் கேட்டதை விரலால் எழுதினேன். பதினோரு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முழு வாக்கியம் எழுதுவதில்லை, புள்ளி வைப்பதில்லை. இரண்டெழுத்துப் போட்டால் மீதியை அவர் பிடித்துக்கொள்வார். வங்கி, பேருந்து, பள்ளி ஆண்டு விழா, எங்கே போனாலும் இப்படித்தான். பார்ப்பவர்களுக்கு நாங்கள் கைகோத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். எங்கள் தலைமை ஆசிரியை ஒரு முறை எல்லோர் முன்பும், "கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் கையை விட மாட்டேங்கறீங்களே" என்று கேலி செய்தார். நான் வெட்கப்படுவது போல் நடித்தேன்.

6. விசாரணை நாளன்று என் கணவர் காலையிலேயே முகம் மழித்து, சட்டையைத் தானே பெட்டி போட்டு, காலணிக்கு இரண்டு முறை மெருகு ஏற்றினார். குழுவில் ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர் இருப்பார் என்று கேள்விப்பட்டிருந்தார். நானும் போகும் வழியெல்லாம் "பதில் தெளிவா சொல்லுங்க, முழிக்காதீங்க" என்று எழுதிக்கொண்டே போனேன். பரீட்சைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிற தாயின் புத்தி. குறையைக் காட்டத்தான் போகிறோம் என்பது இரண்டு பேருக்குமே நினைவில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் குறையை மறைப்பது தினசரி வேலை, ஐயா. அதைக் காட்ட வேண்டிய ஒரே ஒரு நாளிலும் கை தன் பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்தது.

7. ஆணையின் பத்தி 6 இவ்வாறு சொல்கிறது: "குழு கேட்ட பதின்மூன்று கேள்விகளுக்கும் மனுதாரர் தடையின்றிப் பதிலளித்தார். கேள்விகள் எதையும் திரும்பக் கேட்க நேரவில்லை. மனுதாரரின் மனைவி உடனிருந்தார், குறுக்கிடவில்லை." கடைசி வரியில் எனக்கு ஒரு பாராட்டு இருப்பது போல் படுகிறது. அதற்கு நான் தகுதியானவள் அல்ல. மேசைக்குக் கீழே அவருடைய இடது கை என் மடியில் இருந்தது. தாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என் விரல் வழியாகத்தான் அவருக்குப் போனது. பள்ளித் தேர்வுகளுக்குக் கண்காணிப்பாளர் போதாதபோது என்னையும் அனுப்புவார்கள். சட்டைக் கையில் எழுதி வந்தவர்கள், அளவுகோலின் பின்பக்கம் எழுதி வந்தவர்கள் எனப் பலரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். தங்கள் அறையில் நான் செய்தது அதைவிடப் பெரிய களவு. என் மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் ஆணையைப் படித்துக் காட்டியதும், "அப்பாவை பாஸ் பண்ண வெச்சிட்டியேம்மா" என்றாள்.

8. ஆணையில் இல்லாத ஒரு செய்தி. மேசைக்கு எங்கள் பக்கத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தன. என் கணவர் உட்காருவதற்கு முன் மூன்றாவது நாற்காலியை ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெளியே இழுத்துப் போட்டார். வழியை மறிக்கிறது என்று அலுவலக உதவியாளர் அதை உள்ளே தள்ளினார். இவர் ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், மறுபடி இழுத்துப் போட்டார். அப்போது தங்கள் பேனா சற்று நின்றது. தாங்கள் அந்த நாற்காலியைப் பார்த்தீர்கள். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டில் இதைத் தினமும் பார்க்கும் நானும் அப்படித்தான் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன்.

9. இனிச் சொல்வதற்காகத்தான் இந்த மனு. ஒன்பதாவது கேள்வியை மருத்துவ உறுப்பினர் கேட்டார். குனிந்து எழுதிக்கொண்டே கேட்டதால் அவர் உதட்டைக்கூட இவர் பார்க்கவில்லை. அவர் கேட்டது, சொல் மாறாமல்: "பக்கத்துல யாரும் இல்லாதப்போ யாராவது கூப்பிடற மாதிரியோ, பேசற மாதிரியோ உங்களுக்குக் கேக்குமா?"

நான் அதை எழுதவில்லை. "வே தொ" என்று எழுதினேன். வேறு தொந்தரவு ஏதும் உண்டா என்று எங்கள் கணக்கில் பொருள். என் கணவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றார். சிரித்தார் கூட. தங்கள் ஆணையின் பத்தி 8 இந்தச் சிரிப்பின் மேல்தான் நிற்கிறது: "குரல்கள் ஏதும் கேட்பதில்லை என மனுதாரரே தெளிவாகக் கூறினார். சான்றுகள் இரு பக்கமும் சமமாக இருந்தால் ஐயத்தின் பலனை மனுதாரருக்கு வழங்க விதி உள்ளது. எனினும் இங்கே ஐயத்துக்கே இடமில்லை." ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தவள் நான். மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். என் கணவர் இன்னொரு கேள்விக்குப் பதில் சொன்னார்.

10. ஏன் மாற்றினேன்? மனநோயாளி என்று எழுதி எங்காவது கொண்டுபோய் அடைத்துவிடுவார்களோ என்று பயந்தேன் என்றால் தாங்கள் நம்புவீர்கள். அதுவும் பொய் இல்லை. ஆனால் முழு உண்மை வேறு. அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றாகப் போகிறது. அந்த மூன்றாவது நாற்காலி என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. இந்தக் கேள்வியை எழுதினால் இவர் அந்தப் பக்கம் திரும்பி, "சொல்லட்டுமாடா?" என்று அனுமதி கேட்பார் என்று தோன்றியது. கேட்டு, பதிலும் வந்துவிட்டால் நான் அந்த அறையில் என்ன செய்வேன்? பேய் பிசாசு என்று யாராவது பேசினால் சிரிப்பவள் நான். இருந்தும் அன்று என் முழங்காலை இழுத்துக்கொண்டேன்.

11. வீட்டில் நடப்பதையும் தாங்கள் அறிய வேண்டும். பெரும்பாலும் பிற்பகலில், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, "இருடா, வர்றேன்" என்பார். சற்று நிறுத்துவார். "தள்ளி நில்லுன்னு சொன்னேனா இல்லையா?" என்பார். மறுபடி நிறுத்துவார். தொலைபேசியில் பேசுகிறவர் அருகில் நிற்பது போல எனக்கு ஒரு பக்கம்தான் கேட்கும். அவர் நிறுத்தும் அந்த இடைவெளிகளில் நான் காய் நறுக்குவதை நிறுத்திவிடுகிறேன். ஒருவர் பேசும்போது சத்தம் போடக் கூடாதே என்று. எப்போது இப்படிப் பழகினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு அருகில் போய் அவர் உள்ளங்கையில் "நா" என்று எழுதுவேன். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். திரும்பி வந்துவிடுவார். இப்படியே ஓட்டினோம்.

ஆணை வந்த பிறகு அது பலிக்கவில்லை. பத்தி 8-ஐ அவரும் படித்தார். "நான் எப்போ இப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார். குழு தவறாக எழுதிவிட்டது என்று அவர் கையில் எழுதினேன். அந்தக் கையில் நான் எழுதிய இரண்டாவது பொய் அது. மறுநாள் பிற்பகல் அவர் குரல் கேட்டு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். எதிரே கிடந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, கை இரண்டையும் குவித்துக்கொண்டு, "சத்தியமா நான் சொல்லலடா. நீ இல்லைன்னு நான் சொல்லவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் சொல்கிறார். அரசு முத்திரை போட்ட தாளில், தன் பக்கத்தில் நின்று செத்தவனை இல்லை என்று தானே சொல்லிவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். மூன்று வாரங்களுக்கு முன் ஏணி கோபித்துக்கொண்டு போகிறான் என்று தெருவைத் தாண்டி நடுச்சாலைக்கு ஓடினார். லாரி ஓட்டுநர் அடித்த ஒலிப்பான் தெரு முழுக்கக் கேட்டது, இவருக்கு மட்டும் கேட்கவில்லை. அந்த ஓட்டுநர் கெட்டிக்காரர், வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கி வந்து என்னைத் திட்டினார். திட்டி முடிக்கும் வரை நின்று கேட்டுக்கொண்டேன். அடுத்த முறையும் அப்படிப்பட்ட ஓட்டுநர் வருவார் என்று நம்பி நான் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

12. இந்தப் பத்தி மட்டும் இன்று காலை சேர்த்தது. மற்றதையெல்லாம் நேற்றுத் தட்டச்சு செய்து முதலில் என் கணவரிடமே கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி இன்னொரு தாள் போவது சரியில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மருந்துக் கடை வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒருவன் சொன்ன சொல் அவருக்கு இத்தனை நாள் தெரியாது. ஒன்பதாம் பத்தியில் வெகுநேரம் நின்றார். பிறகு, "டாக்டர் நெஜமாவே இதைக் கேட்டாரா?" என்றார். தலையாட்டினேன். "கேட்டாரா!" என்று மறுபடியும் சொன்னார். காணாமல் போனவரைத் தேடி ஒருவர் வாசல் வரை வந்தார் என்று கேள்விப்பட்டது போல இருந்தது முகம். "நான் சொல்லியிருப்பேனே" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபிக்கவில்லை. தாளை ஒழுங்காக அடுக்கி, ஒப்புதல் என்று எழுதிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பதினேழு ஆண்டுகளில் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் தங்கள் குழுவின் மருத்துவர் ஒருவர்தான், ஐயா. நான் கேட்டதில்லை. கேட்க வந்தவரையும் வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் பணிந்து வேண்டுகிறேன்:

அ) பத்தி 6-இலும் பத்தி 8-இலும் உள்ள முடிவுகளை நீக்க வேண்டும். அவை என் கணவரின் பதில்கள்மேல் எழுதப்பட்டவை அல்ல.

ஆ) செவித்திறன் சோதனையை அவர் முதுகைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி உட்கார வைத்து மறுபடி செய்ய உத்தரவிட வேண்டும்.

இ) விசாரணையைக் குலைத்ததற்கு நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் என் மேல் எடுங்கள். பள்ளிக்கும் தெரிவிக்கலாம். அவருடைய கோரிக்கையின் மேல் அந்தக் கறை படிய வேண்டாம்.

ஈ) மறு விசாரணையின்போது நான் அறைக்குள் இருக்கக் கூடாது. வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுங்கள். நான் கெஞ்சினாலும் உள்ளே விடக் கூடாதென்று அலுவலக உதவியாளரிடம் சொல்லி வையுங்கள். கெஞ்சுவேன் என்று எனக்கே தெரியும்.

உ) கேள்விகளைத் தாளில், முழு வாக்கியமாக, பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். போன முறை ஒன்பதாவதாக வந்த கேள்வியை இம்முறை முதலாவதாகக் கேட்க வேண்டும். பதில் வர நேரமாகும். நடுநடுவே நிறுத்துவார். முடிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். அந்த நேரத்தில் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் சொல்வதையும், ஏணி சொன்னதாக அவர் சொல்வதையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆணை எப்படி அமைந்தாலும் அந்தப் பதிவின் நகல் ஒன்றை எனக்குத் தர வேண்டும். அந்தப் பிள்ளை இத்தனை ஆண்டுகளாக என் வீட்டில் உட்கார்ந்து என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதை நான் அதில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மேல்முறையீடு எண் 417, மனுதாரரின் மனைவி

முழுவதும் படித்தேன். எனக்குச் சம்மதம்.
(கையொப்பம்)
மனுதாரர், பீரங்கிப் படை, ஓய்வு

நாள்: மார்ச் 14
இடம்: தங்கள் அலுவலகத்தின் இரண்டாம் தளம், காத்திருப்போர் அறை

இணைப்பு:
1. ஆணையின் நகல்.
2. செவித்திறன் சோதனைச் சான்றின் நகல்.
3. வெடிப்பு நிகழ்ந்த நாளின் மருத்துவக் குறிப்பு, ஒரு வரி.